எந்த வண்டில், எந்த இடத்தில்?

போன ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் ஊர்க் கண்மாய் பல வருஷத்துக்குப் பிறகு மறுகால் பாய்ந்தது. மீன் பிடிக்கப் போன பக்கத்து வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறவன், ஊறுகாய் பாட்டில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இந்த வண்டு தண்ணிக்குள்ள நல்லா நீந்துது. வெளிய எடுத்துத் தரையில விட்டா தத்துக்கிளி மாதிரி குதிக்குது. வண்டு குதிக்குமாக்கா?"

"எங்கடா புடிச்ச?"

"மடைக்குப் பக்கத்துல, பாசிக்குள்ள. வலையில மீனோட சேர்ந்து வந்துச்சு."

பாட்டிலுக்குள் மூன்று வண்டுகள். உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், முதுகில் கருப்புக் கருப்பாகத் தெளித்த மாதிரி கோடுகள். பின்னங்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் துடுப்பு வலிக்கிற மாதிரி உதைத்துக்கொண்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. அவ்வப்போது ஒன்று மேலே வந்து, உடம்பின் பின்நுனியை மட்டும் தண்ணீருக்கு வெளியே ஒரு நொடி நீட்டிக் காற்றை வாங்கி, ஓடு போன்ற இறகுக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடி கீழே இறங்கியது. ஒன்றைக் கரண்டியில் எடுத்துத் திண்ணையில் விட்டேன். ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு பட்டென்று ஒரு துள்ளு.

லக்கோஃபிலஸ் பேரினத்து வண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நீந்தும் வண்டுகளில் தரையில் விட்டால் துள்ளுகிற கூட்டம் அது. விலங்கியல் படித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது நான் செய்யும் வேலைக்கும் வண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அந்த மாதம் முழுக்க நான் ராத்திரி ராத்திரியாகப் படித்துக்கொண்டிருந்தது இந்த வண்டுகளின் உடம்பில் வாழ்கிற ஒரு பூஞ்சையைப் பற்றித்தான். அதனால் பையன் பாட்டிலை நீட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

அந்தப் பூஞ்சைப் பேரினத்தின் பெயர் கைட்டோனோமைசிஸ். உடம்பை மூடும் அங்கியைக் குறிக்கிற ஒரு கிரேக்கச் சொல் இந்தப் பெயரின் வேரில் இருக்கிறது. பூச்சிகளின் மேலோட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளுக்கும் பெயர் வந்தது அதே வேரிலிருந்துதான். உலகம் முழுவதும் இதுவரை ஏறக்குறைய 100 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீர்வண்டுகள்தான் இவற்றின் வீடு. அதிலும் நான் திண்ணையில் விட்டேனே, அந்த லக்கோஃபிலஸ் மேல்தான் நிறைய இனங்கள் கிடைத்திருக்கின்றன.

பூஞ்சை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூத்துக் கிடக்கிற வெள்ளை, ரொட்டியில் படரும் பச்சை, மூடி வைத்து மறந்துபோன ஊறுகாயின் மேல் படலம். எல்லாமே நூல் நூலாகப் படர்கிறவை. ஒரு துணுக்கு விழுந்தால் போதும், கிடைத்த பக்கமெல்லாம் ஓடிப் பரவிவிடும். கைட்டோனோமைசிஸ் சேர்ந்திருக்கும் லபூல்பேனியேலீஸ் என்ற வரிசைக்கு இந்தப் பழக்கமே கிடையாது. அதில் 2,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை வண்டுகள் மேல் வாழ்கின்றன. எதுவும் நூலாகப் படர்வதில்லை.

இதன் வித்துக்கு இரண்டே செல். பசை போர்த்திய மெல்லிய ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள வண்டின் ஓட்டில் ஒட்டிக்கொண்டதும் அடிச்செல் கறுத்து ஒரு பாதமாக மாறுகிறது. பாதம் என்றே ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். அந்தக் கரும்புள்ளியை ஊன்றிக்கொண்டு, இரண்டு செல்லும் ஒரு கணக்குப்படி பிரிந்து பிரிந்து ஒரு சின்ன உடம்பாகின்றன. பல இனங்களில் உடம்பில் இத்தனை செல், இன்ன வரிசை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். அதற்கு மேல் வளராது. கைட்டோனோமைசிஸின் முழு நீளமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்குக்குள்தான். நுண்ணோக்கியில் எடுத்த படங்களைப் பார்த்தால் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவுகிற, சற்று வளைந்த ஒரு கொம்பு தெரியும். அடியில் கறுத்த பாதம். மேலே புடைத்த பை. அதற்குள்தான் அடுத்த தலைமுறை வித்துகள். பையின் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் ஒரு சின்ன இணைப்பு. சில இனங்களில் பையின் முனை கொக்கிபோலப் பிதுங்கியிருக்கும்.

வண்டைக் கொல்வதில்லை. கொன்றால் தானும் செத்துப்போகும். எந்த ஆய்வகத் தட்டிலும் இதைக் கடைசிவரை வளர்த்துக் காட்ட முடிந்ததில்லை. வண்டு உயிரோடு நீந்திக்கொண்டிருக்க வேண்டும், அதன் மேல் இது நின்றுகொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் இதற்கு உலகம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பூச்சி வளரும்போது தோலை உரிக்கும். உரித்தால் தோலோடு பூஞ்சையும் போய்விடும். அதனால் இது பிடிப்பது வளர்ந்து முடிந்த வண்டைத்தான். அதற்கு மேல் தோல் உரிக்கிற வேலை இல்லை. கரைச் சேற்றுக்குள் கூட்டுப்புழுவாக இருந்து புதிதாக வெளிவருகிற வண்டு சுத்தமாக இருக்கும். பழைய வண்டு யாராவது வந்து உரசினால்தான் அதற்கு ஒட்டும். ஆகவே பழைய தலைமுறையும் புதிய தலைமுறையும் ஒரே தண்ணீரில் கொஞ்ச காலமாவது சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். அது நடக்காத குட்டையில் இந்தப் பூஞ்சைக்கு நாளை என்று ஒன்று இல்லை.

இதை முதலில் கண்டவர்களுக்கு இது பூஞ்சை என்றே தோன்றவில்லை. 1840களில் பிரான்சில் பூச்சி சேகரித்துக்கொண்டிருந்த லபூல்பேன், ரூஜே என்ற இருவர் வெடிவண்டுகள் மேல் முடி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார்கள். 1853இல் மோன்டாஞும் ரோபினும் அதற்கு லபூல்பேனியா என்று பேரினப் பெயர் கொடுத்தார்கள். கண்டவர் பெயரே நிலைத்தது. அதன் பிறகும் குழப்பம் ஓயவில்லை. வவ்வால்களின் உடம்பில் ஒட்டி வாழும் ஈக்கள் மேல் இதன் உறவுக்காரப் பூஞ்சை ஒன்றைக் கண்ட கொலேனாட்டி, 1857இல் அதை ஒரு வகைக் குடற்புழு என்றே எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பூச்சியின் தோலில் காலூன்றி நிற்கிற, கொம்பு மாதிரியான ஒன்றைப் பார்த்தால் யாருக்குத்தான் பூஞ்சை என்று தோன்றும்?

அதைத் தெளிவாக்கியவர் வியன்னாவில் இருந்த யோஹான் பெய்ரிட்ச். கைட்டோனோமைசிஸ் என்ற பெயரை 1873இல் வைத்தவரும் அவர்தான். அவருடைய எழுத்தில் என்னை நிறுத்தியது நீர்வண்டு விஷயம்கூட இல்லை, வீட்டு ஈ.

அப்போது வியன்னாவில் வீட்டு ஈக்கள் மேல் ஸ்டிக்மட்டோமைசிஸ் என்ற உறவுக்காரப் பூஞ்சை இருந்தது. பெய்ரிட்ச் ஈயை ஈயாகப் பிடித்துப் பார்த்தார். பெண் ஈ என்றால் பூஞ்சை தலையின் மேற்புறத்திலும் முதுகிலும். ஆண் ஈ என்றால் கால்களிலும் அடிப்புறத்திலும். ஈக்கள் கூடும்போது ஆண் மேலே, பெண் கீழே. ஆணின் கால் எங்கே படுமோ அங்கேதான் பெண்ணின் மேல் பூஞ்சை. பெண்ணின் முதுகைத் தொடுகிற இடத்தில்தான் ஆணின் மேல் பூஞ்சை. 1875இல் அவர் எழுதியது இது. காற்றில் பறந்து வந்து விழுந்தது கிடையாது, தொட்டுத் தொட்டுக் கைமாறியது என்று அந்த இடங்களே சாட்சி சொன்னன.

இந்த ஈ விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை சுற்றி இங்கேதான் திரும்பி வரும்.

அடுத்து வருகிறவர் ரோலண்ட் தாக்ஸ்டர். 1858இல் அமெரிக்காவில் பிறந்தவர். அம்மா சீலியா தாக்ஸ்டர் அங்கே பெயர் பெற்ற கவிஞர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பூஞ்சையியல் பேராசிரியராக இருந்தார். கூட்டங்கூடி வாழும் மிக்சோபாக்டீரியா என்ற உயிர்களைப் பாக்டீரியா என்று 1892இல் அடையாளம் காட்டியவரும் அவர்தான். அது ஒன்றுக்கே வேறொருவர் ஆயுள் முழுக்கப் பெருமைப்பட்டிருப்பார். ஆனால் தாக்ஸ்டரின் ஆயுளை எடுத்துக்கொண்டது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கொம்புகள். இவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் ஐந்து பாகம்: 1896, 1908, 1924, 1926, 1931. முதல் பாகத்துக்கும் கடைசிப் பாகத்துக்கும் இடையே 35 வருஷம். கடைசிப் பாகம் வந்த அடுத்த வருஷம் இறந்துபோனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை அவர் ஒருவரே விவரித்திருக்கிறார்.

அவர் வேலை செய்த விதத்தை யோசித்துப் பாருங்கள். ஊசி முனையில் வண்டின் ஓட்டைத் தொட்டு, பாதம் உடையாமல் அந்தக் கொம்பைப் பெயர்த்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கிளிசரினில் கிடத்தி, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, பிறகு செல் செல்லாக வரைய வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் பொருளே காணாமல் போய்விடும். அவருடைய படங்களை நான் இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு செல்லின் சுவரும் தனித்தனியாகத் தெரிகிறது. எங்கேயும் ஒப்பேற்றிய கோடு கிடையாது. நூறு வருஷம் கழித்தும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தப் படங்களைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

தாக்ஸ்டர் கையில் லக்கோஃபிலஸ் மாகுலோசஸ் வந்தது. வட அமெரிக்கக் குளங்களில் சாதாரணமாகக் கிடைக்கிற வண்டு. நம் பையன் கொண்டுவந்ததற்குக் கொஞ்சம் பெரிய சகோதரம் என்று சொல்லலாம். இந்த ஒரே வண்டினத்தின் மேல் 13 கைட்டோனோமைசிஸ் இனங்கள் இருப்பதை அவர் ஆராய்ந்தார். அதிலே ஒரு விசித்திரம். ஒவ்வொரு இனமும் தனக்கென்று ஓர் இடம் வைத்திருந்தது. ஓட்டு இறகின் ஓரத்தில் நிற்பது அங்கேதான் நிற்கும். காலில் நிற்பது காலில்தான். இந்தக் கொம்பு அந்த இடத்தில் கிடைப்பதில்லை, அந்தக் கொம்பு இந்த இடத்தில் முளைப்பதில்லை. உளுந்தம்பருப்பைவிடச் சற்றே பெரிய ஒரு வண்டின் உடம்பில் 13 குடி, ஒவ்வொன்றுக்கும் தனி மனை.

ஏன் இப்படி? பதில் சொல்ல முயன்றவர்கள் நிறையப் பேர். ஓட்டின் தடிமன் இடத்துக்கு இடம் வேறு, சத்து வேறு, அதனால் அந்தந்த இடம் அந்தந்த இனத்துக்குத்தான் ஒத்துவருகிறது என்று ஒரு பக்கம். உரசுகிற இடம்தான் காரணம் என்று இன்னொரு பக்கம். 1952இல் பெஞ்சமினும் ஷேனரும் ஒரு தரைவண்டின் மேல் இதே மாதிரி இடம் பிரித்து வாழ்கிற லபூல்பேனியா இனங்களைப் பற்றி எழுதினார்கள். அங்கே ஆண் வண்டின் மேல் ஒன்று, பெண் வண்டின் மேல் வேறொன்று என்றுகூட இருந்தது. 1969இல் ஜெர்மனியின் ஷெலோஸ்கே இவற்றின் வாழ்க்கையைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். விவாதம் நின்றபாடில்லை. நிற்காததற்குக் காரணமும் நியாயமானது. மரபணுவைப் பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது. மரபணுவை எடுக்கவோ இந்தப் பூஞ்சை விடாது. வளர்த்துப் பெருக்க முடியாது. ஒரு கொம்பில் இருப்பது எண்ணிவிடக்கூடிய சில செல்கள்தான். அதன் கறுப்பு நிறமியும் கடினமான சுவரும் மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன.

2012இல் கோல்ட்மன், வியர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சுவரைத் தாண்டினார்கள். தாக்ஸ்டர் பார்த்த அதே வண்டினம், அதே 13 பூஞ்சைகள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் பெயர்த்தெடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். வண்டுகள் கூடும்போது எந்த உறுப்பு எந்த உறுப்பின் மேல் படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

13 இனம் என்று நினைத்தவை சோடி சோடியாகச் சேர்ந்துவிட்டன. சோடியில் இரண்டும் மரபணுவில் ஒரே இனம். உருவம் மட்டும் வேறு வேறு. ஒன்று ஆண் வண்டின் மேல் நிற்கிற இடமும், மற்றது பெண் வண்டின் மேல் நிற்கிற இடமும் வண்டுகள் கூடும்போது ஒன்றோடொன்று தொடுகிற இடங்கள். ஆணின் மேல் விளைந்த வித்து பெண்ணின் மேல் அந்த இடத்தில் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்துக்குத் தக்கபடி வேறு உருவத்தில் வளர்கிறது. பெண்ணின் மேல் விளைந்தது ஆணின் மேல் ஒட்டிப் பழைய உருவத்துக்கு வந்துவிடுகிறது.

வியன்னாவின் வீட்டு ஈயிடம் பெய்ரிட்ச் கண்டது 1875இல். கிட்டத்தட்ட 137 வருஷம் கழித்து, வேறொரு கண்டத்து நீர்வண்டில் அதே பதில்.

இதை வாசித்தபோது முதலில் எனக்கும், தாக்ஸ்டர் தப்புப் பண்ணிவிட்டார் என்றுதான் தோன்றியது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டாரே என்று. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் முடிவு வேறு. அவர் வெறுமனே "லக்கோஃபிலஸ் மேல் கிடைத்தது" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் இந்த 2012 ஆராய்ச்சிக்கு ஆரம்பமே இருந்திருக்காது. எந்த வண்டில் என்று மட்டும் இல்லாமல், அதன் உடம்பில் எந்த இடத்தில் என்றும் அவர் எழுதி வைத்தார். அர்த்தம் என்னவென்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. விளங்காததையும் விடாமல் எழுதினார். பெயர்கள் பாதியாகக் குறைந்தன. இடங்கள் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை.

இந்த இடத்தில் என் சொந்த வருத்தம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் படித்த கல்லூரியின் விலங்கியல் துறையில் பூச்சிப் பெட்டிகள் இருந்தன. தேக்கு மரச் சட்டம், மேலே கண்ணாடி, திறந்தால் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடிக்கும். அதில் ஒரு பெட்டி முழுக்க நீர்வண்டுகள். கட்டைவிரல் அளவு பெரிய கறுத்த வண்டு முதல் கடுகளவு வண்டுவரை வரிசையாகக் குத்தியிருப்பார்கள். ஒவ்வொரு குண்டூசியிலும் வண்டுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம். கட்டை மசியில், எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்தில் ஊர், குளம், தேதி. சில காகிதங்களில் நான் பிறப்பதற்கு முந்தைய தேதிகள் இருந்தன. அதை எழுதிய ஆசிரியர்களை எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வண்டுக்கும் ஒரு காகிதம் வெட்டி எழுத யாரோ ஒருவர் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பார் என்று அப்போதே நினைத்திருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்பு ஒரு வேலையாக அங்கே போனேன். கட்டடத்தைப் புதுப்பித்திருந்தார்கள். பெட்டிகளைக் காணோம். விசாரித்தேன்.

"அதெல்லாம் பூச்சி அரிச்சுப்போச்சும்மா. இடம் வேற வேணும்னாங்க. கண்ணாடியையும் சட்டத்தையும் எடைக்குப் போட்டுட்டோம்" என்றார் அங்கே வேலை செய்கிற பெரியவர்.

"உள்ள இருந்த வண்டெல்லாம்?"

"குப்பையிலதான்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு என்ன மதிப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கும் முழுதாகத் தெரியாது. லபூல்பேனியேலீஸைப் பற்றிப் படித்த பிறகுதான் அடிவயிற்றில் சுருக்கென்றது. ஏனென்றால் வண்டு காய்ந்துபோனாலும் அதன் ஓட்டில் ஊன்றிய பூஞ்சை அப்படியே நிற்கும். தாக்ஸ்டர் தன் பூஞ்சைகளில் ஒரு பெரும்பகுதியைக் குளத்தில் இறங்கித் தேடவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாரிஸ் அருங்காட்சியகம் முதலான இடங்களில் குண்டூசியில் காய்ந்து கிடந்த வண்டுகளின் மேல்தான் கண்டுபிடித்தார். வண்டைச் சேகரித்தவருக்குத் தன் கையில் பூஞ்சையும் சேர்ந்து வந்திருக்கிறது என்பதே தெரியாது. நூறு வருஷம் பழைய வண்டின் மேலும் அது கிடைக்கும். இன்னும் சொல்லப்போனால், ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்டில் கிடைத்த, பிசின் இறுகி உண்டான அம்பர் கல் ஒன்றுக்குள் பல கோடி வருஷத்துக்கு முந்தைய ஈ ஒன்று அடைபட்டிருந்தது. அந்த ஈயின் மேல் இந்த வரிசைப் பூஞ்சை நின்றிருந்ததை 2005இல் விவரித்திருக்கிறார்கள். பிசினுக்குள் மூழ்கியும் பாதத்தை விடவில்லை.

எங்கள் கல்லூரிப் பெட்டியில் இருந்த வண்டுகளின் ஓட்டு ஓரத்தில் என்ன நின்றுகொண்டிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அந்தக் காகிதங்களில் இருந்த குளங்களில் சில இப்போது குளமாகவே இல்லை.

பெட்டி இல்லாமலும் கண்டுபிடிப்பு நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ட்விட்டரில் ஒருவர் போட்ட மரவட்டைப் படத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருப்பதைக் அப்போது கோபன்ஹேகனில் இருந்த ஆராய்ச்சியாளர் சோஃபியா ரெபோலெய்ரா கவனித்தார். அங்கே அருங்காட்சியகத்தில் இருந்த அதே வகை மரவட்டைகளை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பூஞ்சை அவற்றின் மேலும் இருந்தது. 2020இல் அதற்கு ட்ரோக்ளோமைசிஸ் ட்விட்டரி என்று பெயர் வைத்தார்கள். இந்தச் செய்தி அப்போது நிறையப் பத்திரிகைகளில் வந்தது. ட்விட்டர் என்பதுதான் எல்லாத் தலைப்பிலும் இருந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது அந்த அருங்காட்சியக மரவட்டைகள். படத்தில் பார்த்ததை உறுதி செய்ய எடுத்துப் பார்ப்பதற்கு அலமாரியில் ஏதோ ஒன்று இருந்தது.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலமே பழைய நுண்ணோக்கியைத் தூசி தட்டி எடுத்து மேஜையில் வைத்தேன். வண்டை ஈரப் பஞ்சுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் மெதுவாக அமர்த்தினோம். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் கொடுத்தால் ஓட்டின் ஓரம் பித்தளைக் கம்பி மாதிரி மின்னுகிறது. பின்னங்காலில் வரிசையாக முடி; அந்த முடிவரிசைதான் அதற்குத் துடுப்பு. ஓட்டின் மேல் மிக நுண்ணிய வலைப்பின்னல் கோடுகள். ஓர் இடத்தில் கால் ஓரமாக ஏதோ தேன் நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அதுதானா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கரிய பாதம் இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகக் கூர்ந்துகொண்டே போனது. முடி.

இந்திய வண்டுகள் மேலும் இந்த வரிசைப் பூஞ்சைகள் பதிவாகியிருக்கின்றன. அதனால் தேடுவது வீண் வேலை இல்லை. ஐப்பசியிலிருந்து மாசிவரை, கண்மாயில் தண்ணீர் இருந்த மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். மொத்தம் 41 வண்டு. பார்த்து முடித்ததும் ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டோம். பூஞ்சை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பல வருஷம் காய்ந்து கிடந்து நிறைந்த கண்மாய் அது. பழைய வண்டும் புது வண்டும் ஒன்றாக இருக்கிற தண்ணீராக அது இன்னும் ஆகவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்த மழைக்கும் தண்ணீர் நின்றால் மறுபடி பார்ப்போம்.

பையனுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அவன் ஒரு வரி எழுதுகிறான். முதல் வரி இப்படி இருக்கிறது: "ஐப்பசி 14, மடைக்குத் தெற்கே, பாசிக்குள், முழங்கால் தண்ணி, 3 வண்டு, குதித்தது." பூஞ்சை என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதி, பக்கத்திலேயே "இடது கால் ஓரம் முடி" என்று சேர்த்திருக்கிறான். அதை அவனிடம் நான் எழுதச் சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் கல்லூரி, பள்ளி விலங்கியல் துறையில் இருக்கிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்கள் அலமாரியில் பழைய பூச்சிப் பெட்டி இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அரித்துப்போன வண்டாக இருந்தாலும் சரி, காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். இடம் இல்லை என்றால் பெட்டியை ஏற்றுக்கொள்ளக்கூடிய அருங்காட்சியகத்துக்கோ பூச்சியியல் ஆய்வு நிலையத்துக்கோ ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். குண்டூசியிலிருந்து காகிதத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரித்துவிடாதீர்கள்.